வெள்ளோட்டத்துக்குச் சொன்ன சாட்சி

இல்லங்கய்யா, டீ வேணாம். பாஸ்டரம்மா, நீங்களும் உக்காருங்க, அடுப்பப் பத்த வெக்காதீங்க. நான் டீ குடிக்க வர்ல. எங்கூட்டுக்காரரக் கூட்டிக்கினு போவ வந்துகீறேன்.

கீறாரா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்க. ஜெபிப்போம் சிஸ்டரா? இது இன்னாய்யா பதிலு? அமல்ராஜ் இங்க கீறாரான்னு கேட்டா ஜெபிப்போம்ன்றீங்க. சரி, உடுங்க. பொய் சொல்லவும் உங்களுக்கு வாய் வர்ல, நெசம் சொல்லவும் வாய் வர்ல. நான் உங்கள கஸ்டப்படுத்தல. கொஞ்ச நேரம் குந்திட்டுப் போறேன். ஆவடியிலருந்து ஷேர் ஆட்டோல வந்தது. பின்னாடி மூணு பேரு குந்தற எடத்துல அஞ்சு பேர அடச்சி, பள்ளத்துல எறக்கி ஏத்தி, திருமுல்லைவாயில் வரதுக்குள்ள இடுப்பு கயண்டு போச்சி.

இந்தச் சேர்லயே குந்திக்கிறேன். அந்த உள்ரூம் கதவாண்ட போட்டுக்கிறேன், அங்கதான் காத்து வருது. ஆமா, சாத்தின கதவுதான். எனக்கு சாத்தின கதவாண்டயும் காத்து வரும்.

சத்தமாவா பேசறேன்? என் தொண்ட அப்டிங்கய்யா. குவார்ட்டர்ஸ்ல மூணாவது மாடிலருந்து கீழ கீரக்காரம்மாகிட்ட பேரம் பேசற தொண்ட. இப்ப போயி கொறைக்கச் சொன்னா எப்டி கொறையும்?

நாளைக்குக் காலைல அவுரு ஆஸ்பத்திரில இருக்கணும். அவ்ளோதான் விசயம். நாளைக்கு உட்டா அந்த மருந்து செத்துப் பூடும். நான் அழுவ வர்ல, சண்ட போடவும் வர்ல. சண்ட வேணும்னா அப்பறம் பாத்துக்கலாம், அதுக்கு அவுரு உசுரோட இருக்கணுமில்ல?

நீங்க மொதல்லருந்து கேட்டுக்கங்க. உங்களுக்கு அரகொறயாத்தான் தெரியும். அவுருக்குக் கூட அரகொறயாத்தான் தெரியும், அதான் இம்மாம் பேஜாரு.

அவுரு கல்லீரல்ல கட்டி. நல்ல கட்டி இல்ல, கேன்சர் கட்டி. பேரச் சொன்னா நாக்கு வெந்து பூடாது, நீங்களும் சொல்லலாம். எல்லாரும் அது வந்து இது வந்துன்றாங்க. நான் சொல்லுவேன். மார்க்கெட்டுல, பஸ்டாண்டுல, எங்க கேட்டாலும் கேன்சர்னு சொல்லுவேன். நாம பேரச் சொல்லாம பதுங்கினா அது நம்மளப் பாத்து இளிக்கும்.

தெரிஞ்ச அன்னிக்கே ஃபேக்டரிலருந்து கலியமூர்த்தி அண்ணன் வந்தாரு, அவுரு செக்சன்ல கூட வேல செய்றவரு. ஆரஞ்சு வாங்கிக்கினு வந்து குந்தினு, அமலு, எங்களுக்குத் தெரியாம எந்த பிராண்டுப்பா அடிச்சேன்னு கேட்டாரு. லிவருன்னாலே தண்ணிதானாம். எங்கூட்டுக்காரரு பொங்கல் இனாமா குடுத்த பாட்டிலக் கூட கையால தொட மாட்டாரு, உங்களுக்கே தெரியும். ஆனா ஊரு முடிவு பண்ணிடுச்சி. லிப்ட்டு இல்லாத மூணு மாடி ஏறி வந்து கேட்டுட்டுப் போறாங்க, தண்ணியா தண்ணியான்னு. நான் கலியமூர்த்தி அண்ணனுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுத்தேன். இதாண்ணா எங்கூட்டு பிராண்டு, மெட்ரோ வாட்டரு, குடிங்கன்னேன். அந்த மனுசன் ஆரஞ்சக் கூட மறந்து உட்டுட்டுப் போயிட்டாரு.

தண்ணி இல்லய்யா. கிருமி. மஞ்சக்காமாலைல பி-ன்னு ஒரு வகை கீதாம். அது உடம்புக்குள்ள பூந்து வருசக்கணக்கா சத்தமே இல்லாம குந்தினு, கல்லீரல அரிச்சி அரிச்சி கடைசில கட்டி கட்டுமாம். எப்ப வந்துச்சி எப்டி வந்துச்சின்னு இப்ப கண்டுபுடிக்க முடியாதாம். பொறக்க சொல்லவே அம்மாகிட்டருந்து வந்துருக்கலாம், எங்கியோ ஊசி போட சொல்ல வந்துருக்கலாம், ஆம்பள பொம்பள சகவாசத்துலயும் வருமாம். அத்தக் கேட்டதுலருந்து அவுரு என் மூஞ்சியப் பாக்கறதில்ல. நான் அந்த மாதிரி ஆளு இல்ல ஞானம், நான் அந்த மாதிரி ஆளு இல்லன்னு சொல்லிக்கினே இருந்தாரு. யாருய்யா கேட்டா? நான் கேட்டனா? இத்தினி வருசமா குடும்பம் பண்ண எனக்குத் தெரியாதா?

ஊட்ல கீற எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணும்னாங்க. எம்மவன் ஜஸ்டினுக்கு எடுத்தாங்க, ஒண்ணும் இல்ல, தடுப்பூசி போட்டுக்கினான். மருமவளுக்கு இல்ல, பேத்திக்கு இல்ல. என்னுதும் எடுத்தாங்க, அத்த உடுங்க. சொல்ல வந்தத சொல்றேன்.

கட்டி இருக்கற எடம் ராங்கான எடம், இப்ப அறுத்து எடுக்க முடியாதுன்னுட்டாங்க. எழிலரசின்னு ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, அவங்கதான் படம் போட்டுச் சொன்னாங்க. தொடயாண்ட ஒரு சின்ன ஓட்ட போடுவாங்களாம். நூலு மாதிரி ஒரு டியூபு. அத்த ரத்தக்கொழா உள்ளாறவே தள்ளிக்கினு மேல ஏறி, கல்லீரலுக்குள்ள பூந்து, கட்டியாண்ட போயி நிறுத்துவாங்களாம். கல்லீரலுக்குத் தீனி போறதுக்கு ரெண்டு வழி கீதாம். ஆனா இந்தக் கட்டி கீதே, அது முக்காவாசி ஒரே வழிலதான் திங்குமாம். அந்த வழிலயே மருந்த உட்டுடறது. மணல விட பொடிசா கண்ணாடி உருண்ட. அதுக்குள்ள கதிர்வீச்சு. போயி கட்டிலயே ஒட்டிக்கினு உள்ளருந்தே சுடும். சுத்தி கீற நல்ல கல்லீரலுக்குப் பெருசா சேதம் வராது.

எனக்கு டக்குனு புரிஞ்சிச்சி. எலிக்கு கேக்கு வெக்கிற மாதிரி. ஊடு பூரா மருந்தடிச்சா புள்ளகுட்டிக்கு ஆபத்து. எலி எந்த வழில வருதுன்னு பாத்து, அந்தப் பொந்து வாயிலயே வெச்சிட்டா முடிஞ்சிச்சி. டாக்டரம்மாகிட்ட சொன்னேன், சிரிச்சிட்டாங்க. அதான்மா, அதேதான்னாங்க.

நீங்க சிரிக்கறீங்க. போன மழைக்கு உங்க ஜெபக்கூடத்துல எலி பூந்து பாயெல்லாம் கடிச்சி வெச்சிச்சே, அப்ப இன்னா பண்ணீங்க? ஜெபம் பண்ணீங்க, சரி. ஜெபம் பண்ணிட்டு கேக்கும் வெச்சீங்க இல்ல? நான்தான வாங்கியாந்து குடுத்தேன்? அப்ப யாருன்னா எந்திரிச்சி, ஐயாவுக்கு விசுவாசம் பத்தலன்னு சொன்னாங்களா?

சரி, சரி. மரியாதியாத்தான் பேசறேன். உங்க மேல எனக்கு இன்னா கோவம்? எம்புள்ளைக்கு டைபாய்டு வந்தப்ப ராத்திரி பூரா முட்டிக்கா போட்டவரு நீங்க. அத்த நான் மறக்கல. ஆனா அந்த ஞாயித்துக்கெழம மைக்க அவுரு கையில குடுத்தது நீங்க. அத்தயும் நான் மறக்கல.

அங்கதான் எல்லாம் கோணலாச்சி. கேளுங்க.

இந்த மருந்து போடறதுக்கு முன்னாடி, மருந்தே இல்லாம ஒரு தபா பண்ணிப் பாப்பாங்க. டியூபு போறதெல்லாம் நெசம், ஆனா உள்ள உடறது சும்மா தடம் காட்டற மருந்து. அது ஒயுங்கா கட்டிக்குத்தான் போவுதா, இல்ல வழி தப்பி நெஞ்சுக்கு ஏறுதா, வயித்துப் பக்கம் சரியுதான்னு பாக்கறதுக்கு. நெசமான மருந்து வழி தப்பினா நுரையீரலு கெட்டுடும், வயித்துல புண்ணு வந்துடும். அத்தொட்டுதான் முன்னாடியே ஒத்திகை. இவுருக்கு வயித்துக்குப் போற சின்னக் கெள ஒண்ணு இருந்துச்சி, அத்த அன்னிக்கே அடச்சிட்டாங்க. டாக்டரம்மா எங்க ரெண்டு பேரயும் நிக்க வெச்சிச் சொன்னாங்க, பயப்படாதீங்கப்பா, இது வெள்ளோட்டம் மாதிரின்னு.

அவுருக்குப் புரியட்டுமேன்னு சுளுவா சொல்லிட்டாங்க, பாவம். அவுரு ஃபேக்டரில இன்னா வேலன்னு அவங்களுக்கு எப்டி தெரியும்? டெஸ்ட் டிராக். பெரிய பெரிய ராணுவ வண்டிய கட்டி முடிச்சி, பெயிண்டு அடிச்சி, எல்லாம் ஆன பின்னாடிதான் இவுரு கையில வரும். மேட்டுல ஏத்தி, சேத்துல எறக்கி, தண்ணில முக்கி ஓட்டிப் பாப்பாரு. அந்த வெள்ளோட்டம்தான் கடைசி வேல. அது ஓடிச்சின்னா வண்டி பாஸ். பூ வெப்பாங்க, எலுமிச்சம்பயத்த நசுக்குவாங்க, செக்சன் பூரா இனிப்பு. அப்பறம் அந்த வண்டிய திரும்பிப் பாக்க மாட்டாரு. வாழ்நாள் பூரா இதே வேல. அப்ப வெள்ளோட்டம் முடிஞ்சி, எல்லாம் ஷோக்கா போச்சுப்பா, எதுவும் வழி தப்பலன்னு டாக்டரம்மா சிரிச்சிக்கினே சொன்னா, அந்த மனுசன் இன்னா நெனப்பாரு?

பாஸ்.

நான் அத்த கவனிக்கல. வெள்ளோட்டம்னா அவுருக்கு கடைசி, ஆஸ்பத்திரில அது மொதலுன்னு எனக்குத் தோணவே இல்ல. நல்லா தூங்கறாரு, ரெண்டு தோச கூட திங்கறாரு, பேத்திய மடில வெச்சிக்கினு பாட்டு பாடறாரு. தைரியம் வந்துடுச்சின்னு நெனச்சேன். சனிக்கெழம செக்சனுக்கு மைசூர்பா வாங்கிக்கினு போயி குடுத்துகீறாரு, அது கூட எனக்கு அப்பறம்தான் தெரியும்.

ஞாயித்துக்கெழம. நீங்க சாட்சி சொல்றவங்க வரலாம்னீங்க. இவுரு எந்திரிக்கறாரு. வெள்ள சட்ட, நான் இஸ்திரி போட்டுக் குடுத்தது. ஒரு நாளும் மைக்கு புடிக்காத மனுசன். சகோதர சகோதரிகளே, என் கல்லீரல்ல இருந்த கட்டிய கர்த்தர் எடுத்துப் போட்டாரு, டாக்டருங்களே பாஸ் பண்ணிட்டாங்கன்றாரு. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சி. நான் இந்தாண்ட பொம்பளைங்க பக்கம், நடுவுல அம்மாம் ஜனம். ரெண்டு கையயும் தூக்கி வேணாம் வேணாம்னு ஆட்டறேன். பக்கத்துல குந்தினு இருந்த ரேவதி என்னப் பாத்துட்டு, ஞானம்மா அக்காவுக்கு பரிசுத்த ஆவி அபிஷேகம் வந்துடுச்சின்னு அவளும் கையத் தூக்கிட்டா. அவளப் பாத்து அவ பின்னாடி வரிச. அப்பறம் சபையே கையத் தூக்கி ஆட்டுது. கீபோர்டு வேற சத்தம் ஏத்திட்டாங்க. அவுரு அத்தப் பாத்துட்டு கண்ணு கலங்கி இன்னும் ஜோரா பேசறாரு. நீங்க கண்ண மூடிக்கினு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்ன்றீங்க. அந்தக் கூட்டத்துல வேணாம்னு கைய ஆட்டினது நான் ஒருத்திதான்யா.

சிரிங்க, பரவால்ல. நான் கூட இப்ப சிரிக்கறேன். அன்னிக்கு சிரிக்கல.

வண்டில போக சொல்ல பின்னாடி குந்தினு சொன்னேன். ஏங்க, இன்னும் மருந்தே போடலீங்க, அது அடுத்த வாரம்தாங்க, அன்னிக்கு பண்ணது ஒத்திகைன்னு. அன்னனூர் ரயில்வே கேட்டாண்ட வண்டிய ஓரம் கட்டிட்டாரு. ஹெல்மெட்ட கழட்டினாரு. மொதல்ல இன்னா கேட்டாரு தெரியுமா? அப்ப கட்டி அப்டியே கீதான்னு கேக்கல. அப்ப நான் மைக்குல சொன்னது இன்னா ஆவும்னு கேட்டாரு.

எனக்கு வந்துச்சி பாருங்க கோவம். மைக்குக்கு ஒண்ணும் ஆவாது, உங்களுக்குத்தான் ஆவும்னேன்.

அதுலருந்து வேற பேச்சே இல்ல. நான் ஆஸ்பத்திரிக்குப் போனா கர்த்தர பொய்யாக்கிடுவேன் ஞானம்னு அத்த ஒண்ணயே சொல்லிக்கினு இருந்தாரு. நேத்து காலைல பால் வாங்கியாறேன்னு போனாரு. பால் பூத்து கீழயே கீது. இன்னும் வர்ல. ஃபோனு ஊட்லயே கீது. ஜஸ்டின் பாடி வரைக்கும் போயி அவங்க அத்த ஊட்ல பாத்தான், செக்சன்ல கேட்டான், அம்பத்தூரு ஸ்டேசன் பூரா தேடினான். நான் மட்டும்தான் தேடல. எனக்குத் தெரியும். வெக்கப்பட்ட மனுசன் வெக்கப்பட்ட எடத்தயேதான் சுத்துவான்.

இன்னிக்கு மதியம் ஆஸ்பத்திரிலருந்து ஃபோனு. மருந்து வந்து எறங்கிடுச்சிம்மா, காலைல கூட்டியாந்துடுங்கன்னாங்க. அது நம்ம ஊர் மெடிக்கல்ல வாங்கறது இல்லய்யா. கடல் தாண்டி எங்கியோ, அவுரு பேருக்கு, அவுரு கட்டிக்கு அளவெடுத்து, அந்த நாளுக்குன்னு பண்ணி ஏரோப்ளேன்ல அனுப்பறது. பண்ண நிமிசத்துலருந்து அதோட பலம் கொறஞ்சிக்கினே வரும். காசிமேட்டுலருந்து ஐஸு பொட்டில மீன் எடுத்தாந்துகீறீங்களா? உருகறதுக்குள்ள ஊடு வந்து சேரணும், அந்த மாதிரி. வேற ஒருத்தருக்கு எடுத்துப் போடவும் முடியாது. அமல்ராஜுன்னு எழுதி, ஈயப் பொட்டிக்குள்ள இப்ப அது அணஞ்சிக்கினு கீது. நாம இங்க டீ வேணுமா வேணாமான்னு பேசிக்கினு கீறோம்.

போட்டா கட்டாயம் பொயச்சிடுவாரான்னு கேக்கறீங்க. நல்ல கேள்வி. நானும் கேட்டேன். சத்தியம் பண்ண மாட்டோம்மா, கட்டி சுருங்கும்னு எதிர்பாக்கறோம், நல்லா சுருங்கினா அப்பறம் அறுத்தே எடுத்துடலாம்னாங்க. எனக்கு அது போதும். நூறு பர்சன்ட்டுன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். சத்தியம் பண்ணாத டாக்டரம்மாவதான் நான் நம்பறேன். அந்தக் கட்டிக்கு அவ்ளோ சுளுவா அவுர தூக்கிக் குடுத்துட மாட்டேன். நான் இன்னா, ரேசன்ல அரிசி இல்லன்னா திரும்பி வர ஆளா? ஸ்டாக்க காட்டுன்னு நிக்கிற ஆளு.

ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. ரெண்டு வருசம் முன்னாடி உங்களுக்கு நெஞ்சு வலி வந்துச்சே. எப்டி சரியாச்சி? சொல்லுங்க, பாஸ்டரம்மா சிரிக்கறாங்க பாருங்க, சொல்லுங்க. தொடைலதான ஓட்ட போட்டாங்க? அதே மாதிரி டியூபுதான உள்ள உட்டு ஸ்டென்ட்டு வெச்சாங்க? உங்களுக்கு எடதுபக்கம் திரும்பி நெஞ்சுக்குப் போச்சி, இவுருக்கு கல்லீரலுக்குப் போவும். ரோடு ஒண்ணுதான். நீங்க ஊட்டுக்கு வந்த வாரமே சபைல சாட்சி சொன்னீங்க, கர்த்தர் என்னத் தொட்டாருன்னு. நாங்க யாரும் கேக்கல, கர்த்தரா ஸ்டென்ட்டான்னு. ரெண்டும்தான்னு எங்களுக்குத் தெரியாதா?

அப்ப இவுருக்கு மட்டும் ஏன் ரெண்டும் ஆவாது?

நீங்க அவுர போவாதன்னு சொல்லல. தெரியும். வந்து கதவத் தட்டினாரு, உபவாசம் இருக்கணும்னாரு, நீங்க பாய் போட்டுக் குடுத்துகீறீங்க. நான் குத்தம் சொல்லல. ஆனா போன்னும் சொல்லல இல்ல? அதுவும் ஒரு பதிலுதான்யா.

இன்னொன்னு உங்களுக்குத் தெரியுமா? நம்ம சபைல டெய்லர் கங்காதரன் கீறாரே, அவுரு சாட்சியக் கேட்டுட்டு சுகர் மாத்திரைய நிறுத்திட்டாரு. அமல்ராஜுக்கு கேன்சரே போச்சி, எனக்கு சக்கர போவாதான்னுட்டு. நேத்து அவுரு சம்சாரம் என்கிட்ட வந்து பெருமையா சொல்லுது. கால்ல ஏற்கெனவே புண்ணு வெச்சிக்கினு கீற மனுசன். நான் நேராவே சொல்லிட்டேன், தாயி, எங்கூட்டுக்காரருக்கு இன்னும் வைத்தியம் ஆரம்பிக்கவே இல்ல, ஓடிப் போயி மாத்திரையக் குடுன்னு. அது என்னய விசுவாசம் இல்லாதவன்னு பாத்துட்டுப் போச்சி. அதனால வர ஞாயித்துக்கெழம எனக்கு மைக்கு வேணும். ஆமா, எனக்குத்தான். நான் சொல்றேன். என் புருசன் பொய் சொல்லல, அவசரப்பட்டுட்டாரு. வெள்ளோட்டத்துக்கே சாட்சி சொல்லிட்டாரு, வண்டி இப்பதான் கெளம்புது, ஜெபம் பண்ணுங்க, மாத்திரையும் போடுங்கன்னு சொல்றேன். சிரிக்கிறவங்க என்னப் பாத்து சிரிக்கட்டும். ஒரு வாரம் சிரிப்பாங்களா? எனக்கு அவுரு உசுரோட இருந்தா போதும், எத்தினி வாரம் சிரிச்சாலும் சரிதான்.

அப்பறம் அந்த உபவாசம். அத்த உட வேணாம்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரிலயும் வெறும் வயித்தோடதான் வரச் சொல்லிகீறாங்க. இன்னிக்கு ராத்திரிலருந்து ஒண்ணும் திங்கக் கூடாது. அதே உபவாசம்தான். அங்க படுத்துக்கினு ஜெபம் பண்ணட்டும், யாரு வேணாம்னது?

யாருகிட்ட சொல்லச் சொல்றேன்னா கேக்கறீங்க? ஐயா, போதும்யா. நான் உள்ள வர சொல்லவே வாசப்படில பாத்துட்டேன். எடது காலு வாரு அறுந்து, பச்ச நூலுல தச்சிருக்கு. தச்சது நான். வெள்ள நூலு இல்லன்னு பச்சைல தச்சேன். செருப்ப வெளிய உட்டுட்டு உள்ள ஒளியற ஆளு உலகத்துலயே எங்கூட்டுக்காரரு ஒருத்தருதான். இம்மாம் நேரம் நான் பேசினதுல பாதி உங்களுக்கு, பாதி அந்தக் கதவுக்கு.

சரி, நான் எந்திரிக்கறேன். போறதுக்குத் தனியா ஆட்டோ வரச் சொல்லியிருந்தேன், நம்ம ஆவடி கஜபதி ஆட்டோ, அவன் கீழ வந்து ஆரன் அடிக்கறான். பையில அவுருக்கு லுங்கி, துண்டு, பழைய ஸ்கேன் எல்லாம் எடுத்தாந்துட்டேன். நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி இன்னிக்கே படுத்துடலாம், ரூம் சொல்லிட்டேன். முடிச்சி வந்த பின்னாடி கொஞ்ச நாளைக்கு பேத்தியத் தூக்கக் கூடாது, ஒட்டிக்கினு படுக்கக் கூடாது, உள்ள கதிர் கீதில்ல. ஜஸ்டின் புள்ளைய அவங்க மாமியார் ஊட்ல உட்டுட்டான். அவுரு படுக்கற கட்டில ஜன்னலாண்ட தனியா இஸ்து போட்டுட்டேன். நான் இந்தாண்ட ஹால்ல படுத்துக்கினு சத்தமா பேசுவேன். என் தொண்டைக்கு அந்த தூரம் ஒண்ணும் இல்ல.

இன்னா பாஸ்டரம்மா?

ஆமா, என் ரத்த டெஸ்ட்டு பத்தி பேசக்குள்ள அத்த உடுங்கன்னேன். நீங்க கவனிச்சிக்கினீங்க. ஐயா கவனிக்கல.

எனக்கும் கீது. அதே கிருமிதான். ஒத்திக அன்னிக்கே வந்து சொல்லிட்டாங்க, அவுரு மயக்கத்துல கெடந்தாரு. கட்டி இல்ல. இப்போதைக்கு இல்ல. தெனம் ஒரு மாத்திர, ஆறு மாசத்துக்கு ஒரு தபா ஸ்கேன். ஜஸ்டின் பொறந்தப்ப எனக்கு ரத்தம் நெறைய போயி, யாரோ எவுரோ ரத்தம் ஏத்தினாங்க. அப்ப வந்து நான் அவுருக்குக் குடுத்தனோ, முன்னாடியே வந்து அவுரு எனக்குக் குடுத்தாரோ, இல்ல கல்யாணத்துக்கு சீரோட சீரா வந்துச்சோ, யாருக்குத் தெரியும்? அந்த மாதிரி ஆளு இல்ல, அந்த மாதிரி ஆளு இல்லன்னு பொலம்பிக்கினு இருந்தாரே, அப்பவே சொல்லியிருப்பேன். வைத்தியம் முடியட்டும்னு வெச்சிருந்தேன்.

பயமா? கீது. இல்லாம இருக்குமா? ஆனா அந்த வராண்டாவுல குந்தறதுக்கு எனக்குப் பக்கத்துல ஒரு ஆளு வேணும். கர்த்தர் வருவாரு, இல்லன்னல. டோக்கன் எடுக்க வரிசைல நிக்கறதுக்கு இவுருதான் வேணும்.

இன்னாய்யா திரும்பிப் பாக்கறீங்க? தாப்பா சத்தம்தான்.

வாங்க. இந்தாங்க, மொதல்ல இந்தத் தண்ணியக் குடிங்க. ராத்திரிக்கு மேல அதுவும் கெடையாது. மெதுவா, மெதுவா. மூஞ்சியத் தொடைங்க, கஜபதி பாத்தான்னா ஆவடி பூரா சொல்லிடுவான். பைய நான் எடுத்துக்கறேன், நீங்க நடங்க. வரோம் ஐயா, வரோம் பாஸ்டரம்மா, ஞாயித்துக்கெழம மைக்க மறந்துடாதீங்க.

ஏங்க, நில்லுங்க. அவசரத்துல கால்ல இன்னாத்த மாட்டிக்கினு எறங்கறீங்க? அது ஐயாவோட செருப்புங்க. நம்மளுது பச்ச நூலு.